விரிவதற்கு முந்திய நாள்

1

பிப்ரவரி பிறந்தால் ஓசூர் பக்கத்துப் பாகலூரில் ரோஜா வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இங்கே ஜெர்மனியில் என் பக்கத்துத் தோட்டத்து ஹெல்காவுக்குப் போகிறது. நேற்று உறைபனியில் பாதம் பாதமாக எடுத்து வைத்து என் தோட்டத்துக் குடில்வரை வந்துவிட்டாள். நலமா, மகள் நலமா, முதுகுவலி எப்படி என்று ஊர் மரியாதைக்கு மூன்று கேள்வி கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வந்த விஷயத்தைக் கேட்டாள்.

"இந்த வசந்தத்துக்கு உன் அப்பா வருகிறாரா?"

இல்லை என்றேன். முகத்தில் வந்த நிம்மதியை அவள் மறைக்கக்கூட முயலவில்லை. "நல்ல மனிதர். நான் விசாரித்ததாகச் சொல்" என்று கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு தோட்டச் சங்கத்தின் தலைவரும் அதே கேள்வியோடு அந்தப் பக்கம் வந்தார். அவருக்கும் அதே பதில், அவருக்கும் அதே நிம்மதி.

அறுபதைத் தாண்டிய, லுங்கி கட்டிய ஒரு மனிதரை நினைத்து ஒரு ஜெர்மன் தோட்டக் காலனியே வருஷா வருஷம் இப்படி அஞ்சுகிறது என்றால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் எல்லோரும் அப்பா பக்கம்தான் பேசுவீர்கள் என்று தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

2

என் வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஒரு மெஷின் கம்பெனியில் இருந்தவர். கம்பெனியின் தலைமையிடம் இங்கே. இரண்டு வருஷத்துக்கு என்று அனுப்பினார்கள். இரண்டு வருஷம் முடிந்தது. அவர்களும் திரும்பக் கூப்பிடவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்பாவுக்கு பாகலூர் தாண்டி ரோஜா பாலிஹவுஸ். கோசும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த நிலம். பக்கத்தில் ஒருவர் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வைத்ததைப் பார்த்து, அப்பாவும் கடன் வாங்கிக் கூரை போட்டார்; ஒன்று பிறகு மூன்றாயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவேன். தண்டு நீளம் பார்த்து அடுக்குவது, இருபது இருபதாகக் கட்டுவது, மொட்டு விரிந்துவிடாமல் வலைத் தொப்பி மாட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு தண்டைத் தொட்டு நீளம் சொல்வேன். நான் ஒரே பிள்ளை. பாலிஹவுஸ் எனக்குத்தான் என்று அப்பா முடிவு செய்திருந்தார், என்னைக் கேட்காமல். கல்யாணத்தை நான் முடிவு செய்தேன், அவரைக் கேட்டுவிட்டுத்தான், ஆனால் அவர் பதில் சொல்வதற்குள்.

பெங்களூர் ஏர்போர்ட்டில் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது, என் அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூவுல பழகின கை பாப்பா. அங்க போயி பாத்திரம் கழுவறதுக்கா?"

அந்த ஒரு வார்த்தையை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்த பிறகும் இறக்கி வைக்க முடியவில்லை. இந்த மண்ணிலும் என் கைக்குப் பூ வரும் என்று அவருக்குக் காட்ட வேண்டும், அவர் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பெரிய ஆசை அதுதான்.

இங்கே நிலம் என்பது லேசில் கிடைக்காது. ஊருக்கு வெளியே சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒரு சங்கம் வைத்து, குடியிருப்புக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டேன். காத்திருந்தேன். நேர்காணல் வைத்தார்கள். கல்யாணத்துக்குக்கூட என்னை இத்தனை கேள்வி யாரும் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு காய்கறி போட வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் சத்தம் கூடாது. துணி காயப் போடக் கூடாது. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே வேலி கூடாது. கண்ணுக்கு எல்லாம் ஒரே தோட்டமாகத் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். சாவி கையில் வந்தபோது கோடைகாலம் முடிந்திருந்தது.

3

அக்டோபரில் ஹெல்கா ஒரு பை நிறையக் கிழங்கோடு வந்தாள். துலிப். பார்க்கச் சம்பங்கிக் கிழங்குக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. ஒரு சாண் ஆழத்தில், மூக்கு மேலே பார்க்க வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவள் பாத்தி முடியும் இடத்தில் என் பாத்தி ஆரம்பம். இரண்டு பேரும் ஒரே நாளில் முழங்கால் போட்டு நட்டோம். எல்லாம் சிவப்பு. அன்று சாயங்காலமே காலிங் கார்டைச் சுரண்டி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா பாப்பா, இன்னா வெச்ச?"

"துலிப்புப்பா. கிழங்கு."

"எப்ப பூக்கும்?"

"ஏப்ரல்ல."

"இப்ப அக்டோபரு. அது வரைக்கும் இன்னா பண்ணும்?"

"மண்ணுக்குள்ள இருக்கும்."

"சும்மாவா?"

"குளுர் வாங்கும்ப்பா. குளுர் பட்டாத்தான் பூவு வருமாம்."

"செரி. ஒரு கெழங்குக்கு எத்தினி பூவு?"

"ஒண்ணு."

"எத்தினி நாள் நிக்கும்?"

"ஒரு வாரம். வெயில் அடிச்சா அதுவும் இல்ல."

 அப்பா நிதானமாகச் சொன்னார். "ஆறு மாசம் தூங்கிட்டு ஒரு வாரம் எந்திரிக்கிற பூவா. நம்ம ஊட்டுலயும் ஒருத்தன் அப்பிடி இருக்கறான், ஒன் சித்தப்பன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ வந்து பாருப்பா. பாத்துட்டுப் பேசு."

"தேதி சொல்லு, வரேன்."

இதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பூவுக்குத் தேதி உண்டு. காதலர் தினத்துக்குச் சிவப்பு ரோஜா வேண்டுமென்றால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கார்த்திகையில் ஒரு நாள் குறித்து மொத்தத் தோட்டத்தையும் கவாத்து செய்துவிடுவோம். சொன்ன வாரத்துக்கு மொட்டு வந்து நிற்கும். கல்யாண மண்டபம்கூட முன்னே பின்னே ஆகும், பாகலூர் ரோஜா ஆகாது. அப்பாவிடம் போய் 'எப்போதாவது பூக்கும்' என்று சொன்னால், அது பூவே இல்லை என்றுதான் அவர் நினைப்பார்.

ஹெல்காவிடம் தேதி கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அது வரும்போது வரும்" என்றாள். ரயில் ஒரு நிமிஷம் பிந்தினால் ஸ்டேஷனில் முகம் சுளிக்கிற ஜனம், பூவுக்கு மட்டும் இப்படி விட்டேத்தியாக இருக்கிறது. தலைவரைக் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல் நானே ஒரு நாளைக் குறித்தேன்.

"சித்திரை ஒண்ணு" என்றேன் போனில்.

"சித்திரை ஒண்ணுன்னா சித்திரை ஒண்ணுதான?"

"ஆமாம்ப்பா."

பிப்ரவரி கூத்து முடிந்து, வெயில் ஏறி, ரோஜாவுக்கு விலை இறங்கியிருக்கும் காலம். அவருக்கும் தோது. அம்மாவால் வர முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரோஜாவை விட்டு வெளியே போனது கிடையாது, என் கல்யாணத்துக்கு மட்டும் அரை நாள். அப்பா மட்டும் டிக்கெட் எடுத்தார். அதாவது, நான் சொன்ன பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

4

குளிர்காலத்தில் இங்கே தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பார்கள். விதைக் கம்பெனிக்காரன் அனுப்பும் படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். நான் ஜாதக நோட்டைத்தான் அப்படிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வெளியே எல்லாம் வெள்ளை. என் பாத்தி எங்கே, நடைபாதை எங்கே என்றே தெரியாது.

எனக்குப் பொறுமை கிடையாது. பனி லேசாக விலகிய ஒரு நாள், கரண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன். உயிரோடு இருந்தது, அடியில் வேர் வெள்ளையாக விட்டிருந்தது. மறுபடி புதைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்றைத் தோண்டினேன். மூன்றாம் முறை ஹெல்கா பார்த்துவிட்டாள்.

"என்ன செய்கிறாய்?"

"தூங்குகிறதா என்று பார்க்கிறேன்."

"எழுப்பி எழுப்பிக் கேட்டால் எப்படித் தூங்கும்?"

அதற்குப் பிறகு அவள் இருக்கும் நாட்களில் நான் தோண்டுவதில்லை. இல்லாத நாட்களில் தோண்டினேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விசாரிப்பார். பனி பெய்கிறது என்றால் பதறிவிடுவார். "மேல பிளாஸ்டிக் போடு. வைக்கோலாவது போத்து. புள்ளத்தாச்சிய வெளிய படுக்க வெச்ச மாதிரி வெச்சிருக்கறியே." குளிர்தான் அதற்கு மருந்து என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. அவர் நிம்மதிக்காகக் கொஞ்சம் பொய் சொல்ல ஆரம்பித்தேன். மாசியில் முளை வந்துவிட்டது என்றேன், வரவில்லை. பங்குனியில் இலை வந்துவிட்டது என்றேன்; அப்போதுதான் பச்சையாக மூக்கு நுனி தெரிந்தது. பொய்யில் என் துலிப் எப்போதும் பதினைந்து நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் விசா. வெளிநாட்டார் அலுவலகத்தில் நான் அழைப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். பூ பார்க்க என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தகப்பனாருக்கு என்ன தொழில்?" ரோஜாத் தோட்டம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். பெங்களூரில் அப்பாவையும் அதையே கேட்டிருக்கிறார்கள். அத்தனை ரோஜா இருக்கும்போது எந்தப் பூவைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றார்களாம். "அதத்தான் நானும் எம் பொண்ணக் கேட்டேன், அவ வந்து பாருங்கறா" என்று சொல்லியிருக்கிறார். விசா கிடைத்துவிட்டது.

5

சித்திரை ஒன்று அன்று அப்பா வந்து இறங்கினார். குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், பெட்டியில் முறுக்கு, கேழ்வரகு மாவு, பிறகு அவர் கையோடு பழகிய பூ வெட்டும் கத்தரி. அன்று ஆலங்கட்டி விழுந்தது. தோட்டத்துக்கு நேராகக் கூட்டிப் போகச் சொன்னார். போனோம். பாத்தியில் முழுக்க இலை. நடுவில் பச்சைக் கூம்பாக மொட்டு, கல் மாதிரி இறுக்கமாக.

அப்பா குனிந்து பார்த்தார். வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சித்திரை ஒண்ணு" என்றார்.

"குளுரு ஜாஸ்திப்பா இந்த வருசம்."

"குளுரு பட்டாத்தான் வரும்ன்ன. இப்ப குளுரு ஜாஸ்திங்கற. பூவு இன்னா, ஒன் இஷ்டத்துக்கா?"

நான் அவர் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டேன்.

காத்திருக்க ஆரம்பித்தோம். அப்பா தினமும் தோட்டத்துக்குப் போனார்; வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைதான். அவருக்கு எதிரில் வருகிறவரிடம் பேசாமல் போகத் தெரியாது. எங்கள் எல்லையில் ஒரு வழக்கம் உண்டு: தமிழ் புரியாதவரிடம் கன்னடம், அதுவும் புரியாவிட்டால் தெலுங்கு. அதற்குள் யாராக இருந்தாலும் வழிக்கு வந்துவிடுவார்கள். அப்பா இதே வரிசையை ஹெல்காவிடமும் வைத்தார். "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாடு விசாரித்தார். அவள் விழித்தாள். "போஜனம் அயிந்தா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பாஷையிலும் பதில் வராத மனுஷியை அப்பா அதுவரை பார்த்ததில்லை. "பாவம், காது கேக்கல போல" என்றார் என்னிடம், பரிவாக.

என் மகள் நிலாவுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கும் அவருக்கும் நடுவே நான்தான் மொழிபெயர்ப்பு. பிறந்தபோது தமிழில்தான் அழுதாள். மழலைப் பள்ளிக்குப் போன ஒரே மாதத்தில் ஜெர்மனுக்கு மாறிவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், போகிறபோக்கில் என் ஜெர்மனையும் திருத்துவாள். எனக்கு வயிறு எரியும். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. "பாகலூர்ல நம்ம டிரைவரு தெலுங்குல கேப்பான், நான் தமிழ்ல சொல்லுவேன், லோடு ஏத்தற பையன் கன்னடத்துல திட்டுவான். வண்டி டைமுக்குப் போவுதில்ல?" என்றார். ஒரு வாரத்தில் அந்தப் பெண் அவரிடம் 'முறுக்கு குடு' என்று சுத்தமாகக் கேட்டது.

ஒரு நாள் வெயில் வந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி மொட்டுகளின் விளிம்பில் சிவப்பு இறங்கியது. சாயங்காலத்துக்குள் பச்சை போய், பாத்தி முழுக்கச் சிவந்துவிட்டது. என்னுடையதும் ஹெல்காவுடையதும் சேர்ந்து ஒரே சிவப்பு. இன்னும் மூடித்தான் இருந்தன. ஆனால் யார் பார்த்தாலும் தெரியும்.

"நாளைக்கு விரிஞ்சிடும்ப்பா" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"நாளைக்கேவா?"

"நாளைக்கு நல்ல வெயில்னு டி.வி.ல சொன்னாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாம் விரிஞ்சிடும்."

அப்பாவின் முகம் மாறியது. நான் அதை மகிழ்ச்சி என்று நினைத்தேன்.

"பக்கெட்டு இருக்குதா பாப்பா, தோட்டத்துல?"

"குடில்ல இருக்குது. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

6

காலையில் அப்பாவின் படுக்கை காலி. ஆணியில் தோட்டத்துச் சாவி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புங்கள். பூ விரிவதைப் பார்க்க மனிதர் விடியும் முன்பே ஓடிவிட்டார். ஃபிளாஸ்கில் காபி ஊற்றினேன், கேமராவில் புது பிலிம் போட்டேன், உட்கார இரண்டு குஷன் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில், "மாமனார் அழுதா ஒரு போட்டோ எடு" என்றார்.

போய்ப் பார்த்தால் பாத்தியில் இலைதான் இருந்தது.

ஒரு மொட்டு இல்லை. மழுங்க மழுங்கத் தண்டு வெட்டிய இடம் மட்டும் ஈரமாக மினுக்கியது. குடிலின் நிழல் பக்கம் பக்கெட்டுகள் வரிசையாக. அவற்றுக்குள் இருபது இருபதாகக் கட்டி, தலைமட்டம் ஒன்றாகத் தட்டி, ஜெர்மன் நாளிதழைச் சுருட்டி, என் ஆறு மாதம். நடுவில் அப்பா, குரங்குக் குல்லாவோடு, வேலை முடித்த களைப்பும் திருப்தியுமாக.

"ஒண்ணு கூட உடல பாப்பா. நல்ல வேள, நேத்தே சொன்ன. இன்னிக்கி வெயில்ல மாட்டியிருந்தா அத்தினியும் ரிஜெக்ட்டு. எல்லாமே ஏ கிரேடு, தெரிமா?"

 ஊர்க்காரர்களே, உங்களுக்கு இது புரியும். பாகலூரில் நாளைக்கு விரியும் என்று யாராவது சொன்னால், அது நல்ல செய்தி இல்லை, அபாய மணி. விரிவதற்கு முந்திய நாள் வெட்டியாக வேண்டும். விரிந்த பூவைப் பெங்களூர் மார்க்கெட்டுக்காரன் தொடமாட்டான், ஏற்றுமதிக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். இது எனக்கும் தெரியும். கொட்டகையில் வளர்ந்தவள் நான். அவரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான்தான்.

திரும்பிப் பார்த்தேன். ஹெல்காவின் பாத்தியும் பச்சை.

"அப்பா, அது அவங்களுது."

"வரப்பு ஒண்ணும் இல்லியே. நானும் தேடிப் பாத்தேன். பாதியில தான் நெனப்பு வந்துது, அந்தம்மாவுதாச்சேன்னு. செரி, வயசான பொம்பள, தனியா எப்பிடி வெட்டும், முடிச்சிக் குடுத்துருவோம்ன்னு முடிச்சிட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஹெல்கா வந்தாள். கையில் மடக்கு நாற்காலி. துலிப் விரியும் முதல் நாள் அவள் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. அதன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக அவளுடைய பக்கெட்டைத் தூக்கி நீட்டினார். "தகொள்ளி அம்மா, தகொள்ளி." எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அவள் பக்கெட்டைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். என்னிடம் திரும்பி, "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தனை வருஷம் படித்த ஜெர்மன் என்னைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டது. கைக்குக் கிடைத்ததைச் சொன்னேன். "அவர் தொழிலே இதுதான்." அது விளக்கமாகப் பட்டிருக்காது. மிரட்டலாகத்தான் பட்டிருக்கும்.

ஹெல்கா நாற்காலியை மடக்கினாள், பக்கெட்டை வாங்கிக்கொண்டாள், போய்விட்டாள். செர்ரி பழுக்கும் வரை, இரண்டு மாதத்துக்கு மேல், என்னோடு பேசவில்லை.

அவள் தலை மறைந்ததும் நான் அப்பாவின் மேல் பாய்ந்தேன். காலனியில் காலை நேரத்துச் சத்தத்துக்கு என்ன விதி என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.

"ஆறு மாசமாப்பா. ஆறு மாசமா இதுக்குத்தான் குந்தியிருந்தேன். உன்ன எதுக்கு வரச் சொன்னேன்?"

"பூவு ஒண்ணும் போவலியே பாப்பா. எல்லாம் இங்கதான இருக்குது."

"செடியில விரிஞ்சி நிக்கறத பாக்க வரச் சொன்னேன்."

"செடியிலயா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "செடியில விரிஞ்சிட்டா அப்பறம் அது எதுக்கு ஆவும்?"

"பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா" என்று அப்பா திருப்பிச் சொன்னார். கத்தரியைத் துடைத்து மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

7

பக்கெட்டுகளைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லி அப்பா வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். நான் கோபத்தில் தோசை சுட ஆரம்பித்தேன். ஹீட்டர் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். அப்பா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தோசை போட்டிருப்பேன்.

"பாப்பா, இது அசையுது."

நான் திரும்பவில்லை.

"பாப்பா, விரியுது இது."

"விரியத்தான் செய்யும். பூ தான."

துலிப்புக்குச் சூடு பட்டால் போதும். மூடிக் கிடந்தது கண் எதிரிலேயே மெல்ல விலகும். நான் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பியபோது ஒரு கட்டுக்குள் பூக்கள் பாதி திறந்திருந்தன. அப்பா ஸ்டூலை இழுத்து, முட்டி பக்கெட்டில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து, ஒரே பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பும் மஞ்சளுமாக ஒரு கோலம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"நான் பாத்ததில்ல" என்றார்.

"துலிப்ப ஊர்ல எப்பிடிப்பா பாத்திருப்ப."

"துலிப்ப சொல்லல. பூவு விரியறத." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "நம்ம தோட்டத்துல விரிஞ்சது கண்ணுல பட்டா மொதல்ல ஆளத் திட்டுவேன், அப்பறம் வெட்டி எறிவேன். அத யாரு குந்திப் பாத்தா?" கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "நம்ம தாஜ்மகால் ரோஸு விரிஞ்சா எப்பிடி இருக்கும் பாப்பா? நீ பாத்திருக்கறியா?"

பார்த்திருந்தேன். இங்கே ஒரு கல்யாண விருந்தில், மேசை நடுவே, அதே ரகம், நன்றாக மலர்ந்து. எந்த ஊரிலிருந்து வந்ததோ. அன்று நான் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுக்கு வரும் என்றேன். ஓர இதழ் பின்னால் வளையும், உள்ளே போகப் போக நிறம் கெட்டியாகும் என்றேன். தன் வாழ்நாளெல்லாம் ரோஜா வளர்த்த மனிதருக்கு அவருடைய ரோஜா எப்படி இருக்கும் என்று தோசைக் கரண்டியோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"தண்டு நல்லா வந்துருக்குது" என்றார் அப்பா, என் துலிப்பைப் பார்த்தபடியே. "இந்த மண்ணுக்கும் ஒன் கை செட்டாயிடுச்சி."

பிறகு போனைக் கேட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நாளைக்கு மூணாவது பாலிஹவுஸ்ல ஓரத்து வரிசைய வெட்டாத."

"ஏன், மருந்து அடிச்சிருக்குதா?"

"இல்ல. உட்டுடு. விரியட்டும்."

 அம்மா அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள். "பாப்பா, அங்க குளுர்ல உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சி?"

"நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்று அப்பா கத்தினார். "சொல்றத செய்யி."

ஒரு வாரம் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். அதுவே அதிசயம், அவள் மிஸ்டு கால் தாண்டி என்னைக் கூப்பிட்டதில்லை. குரலில் ஒரு குஷி. வரிசை முழுக்க விரிந்து நிற்கிறதாம். வேலைக்கு வரும் பெண்கள் எல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்க்கிறார்களாம். இவளும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். இதழ் லேசாகத் தளர ஆரம்பித்துவிட்டது, இன்னும் ரெண்டு நாளில் கொட்டிவிடும் என்றாள்.

அப்பாவுக்கு விமானம் அடுத்த வாரம்தான். போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "கொட்ட உடாத. மேல நெட்டப் போடு. நெழலு போடு. காலையில லேசா தண்ணி தெளி. எப்பிடியாவது நான் வர்ற வரைக்கும் நிக்க வெய்யி." எந்தத் தேதிக்குப் பூ வர வேண்டும் என்று செடிக்கே ஆர்டர் போடுகிற மனிதர் கெஞ்சியதை அன்றுதான் கேட்டேன்.

அம்மா அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பூவு பாக்கத்தான அவ்ளோ தூரம் போனீங்க" என்றாள். "அத அங்க பாருங்க. இத நான் பாத்துக்கறேன்."